சாலைப் பணம் எந்த ஊரில் இறங்குகிறது?

மத்திய அரசு 2013-14 பட்ஜெட்டில் சாலைக்கு ஒதுக்கியது சுமார் 31 ஆயிரம் கோடி ரூபாய். 2024-25-ல் அது சுமார் 2.78 லட்சம் கோடி. சென்ற இதழில் வந்த இந்தப் பெட்டிச் செய்தியைப் படித்த வாசகர்கள் பலரும், ஏறக்குறைய ஒரே கேள்வியை வேறுவேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: “இவ்வளவு செலவில் எங்கள் ஊருக்கு என்ன வேலை வந்தது?” கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் ஊர் வழியாக நான்குவழிச் சாலை வேலை நடக்கிறது. கேம்ப்பில் இருப்பவர்கள் எல்லாம் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்க்காரர்கள். ஊர்ப் பையன்கள் போய்க் கேட்டால் ‘ஆள் தேவையில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கோடிக்கணக்கில் கொட்டியும் உள்ளூரில் வேலை இல்லை என்றால் பணம் எங்கேதான் போகிறது?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

ஒரு கிலோமீட்டர் சாலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நான்குவழிச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், ஓரத்தில் ஒன்றரை மீட்டர் தார் போட்ட தோள், நடுத்தடுப்பை ஒட்டிக் கொஞ்சம் இடைவெளி என்று ஒன்பது மீட்டர் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 18 மீட்டர். மேலே போடும் இரண்டு தார் அடுக்குகளின் கனம் 140 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கன மீட்டர், அதாவது 6,000 டன் தார்க் கலவை. மணிக்கு 160 டன் திறனுள்ள ஹாட்மிக்ஸ் பிளான்ட் ஒன்று, இடையில் நின்று நின்று ஓடினாலும், ஒரு நாளைக்கு 900 முதல் 1,000 டன் கொடுத்துவிடும். ஆக, ஒரு கிலோமீட்டருக்கான தார் முழுவதும் ஏழு நாளில் விழுந்துவிடுகிறது.

அந்த ஏழு நாளும் தார்க் கலவையை விரிக்கும் இயந்திரமான பேவரைச் சுற்றி நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஓட்டுபவர் ஒருவர், பின்பலகையில் கனத்தைச் சரிபார்ப்பவர்கள் இருவர், ஓரங்களை இழுத்துச் சீவுபவர்கள் ஐந்தாறு பேர், ரோலர் ஓட்டுபவர்கள் மூன்று நான்கு பேர், தார் தெளிக்கும் வண்டியில் இருவர், வெப்பமானி பிடிக்கும் லேப் ஆள் ஒருவர், கொடி காட்டுபவர்கள் நான்கு பேர். டிப்பர் ஓட்டுநர்களைச் சேர்த்தாலும் முப்பத்தைந்தைத் தாண்டாது. கலவை பிளான்ட்டிலிருந்து 150 டிகிரிக்கு மேல் சூட்டில் கிளம்பும். கொட்டும்போது 140 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. 90 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடித்திருக்க வேண்டும். ஆறிய கலவையை உருட்டினால் உள்ளே காற்றறைகள் நின்றுவிடும், அடுத்த மழையிலேயே தண்ணீர் இறங்கிக் குழி விழும். அதனால் இந்தக் குழுவை எந்த நிறுவனமும் ஊருக்கு ஊர் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஒரே குழுதான் திட்டம் திட்டமாக நகர்கிறது. நீங்கள் கேம்ப்பில் பார்ப்பது அவர்களைத்தான்.

இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டாம். கேம்ப்பில் தங்குகிற ஆள் திருவிழாவுக்கும் சாவுக்கும் லீவு போட்டுப் போக மாட்டார். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். கம்பெனிக்கு அது வசதி. அந்தக் கூலிக்கு அந்த வெயிலில் அந்தச் சூட்டில் நிற்க நம் பையன்களும் தயாரில்லை என்பது பாதி உண்மை. ஊர்க்காரன் என்றால் சங்கம், தகராறு என்று வரும் என்று கம்பெனி ஒதுக்குவது மீதிப் பாதி.

சரி, உள்ளூரில் பணம் இறங்கும் இடம் எது? தார் அல்ல, மண். இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கரை எழுப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு 55 ஆயிரம், 60 ஆயிரம் கன மீட்டர் மண் வேண்டும். பதினாறு கன மீட்டர் டிப்பரில் நாலாயிரம் நடைக்குக் குறையாது. அதன் மேல் விழும் ஜல்லி அடுக்குகளுக்கு 700 நடை, தார்க் கலவைக்கு 240 நடை. மண்ணைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து கட்டுப்படியாகாது என்பதால் டிப்பர், பொக்லைன், தண்ணீர் டேங்கர், கிரஷர் எல்லாம் பக்கத்து ஊர்களிலிருந்துதான் வாடகைக்கு எடுக்கப்படும். கேம்ப்புக்குக் காய்கறி, அரிசி, பொறியாளர்களுக்கு வாடகை வீடு, டயர் கடை, வெல்டிங் பட்டறை – இவை இரண்டாவது வரிசை.

உங்கள் ஊர்ப் பையன்களுக்கு எங்கள் யோசனை: ‘கூலி வேலை இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். டிப்ளமா சிவில் படித்தவர் லேப் டெக்னீசியனாகவும் சர்வே உதவியாளராகவும் கேட்கலாம். கனரக உரிமம் உள்ளவர் கிரேடர், ரோலர் ஓட்டக் கேட்கலாம். எடைமேடை, ஸ்டோர்ஸ், பாதுகாப்பு மேற்பார்வை ஆகியவற்றுக்கு உள்ளூர் மொழி தெரிந்தவர்தான் வேண்டும். கேட்க வேண்டிய நேரம் கேம்ப் போடும் முதல் மூன்று மாதம். சாலையில் தார் தெரியும்போது போனால் ஆள் சேர்ப்பு முடிந்திருக்கும்.

அப்படியானால் கடன் போட்டு ஒரு டிப்பர் வாங்கி நெடுஞ்சாலை வேலைக்கு விடலாமா? நண்பர்கள் ‘மாசம் முழுக்க ஓட்டம் இருக்கும்’ என்கிறார்கள்.
– வாசகர், அரியலூர் மாவட்டம்

ஓட்டம் இருக்கும், எத்தனை மாசத்துக்கு என்பதுதான் கேள்வி. இரண்டு, இரண்டரை வருட ஒப்பந்தத்தில் மண் வேலை மும்முரமாக நடப்பது ஒரு வருடம், மிஞ்சினால் பதினாலு மாதம். நடுவே வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதம் தின்றுவிடும். நனைந்த மண்ணில் அடுக்கு போட முடியாது, அடர்த்திச் சோதனையில் தேறாது. உங்கள் வண்டிக் கடனோ நாலைந்து வருடத்துக்கு. இந்தச் சாலை முடிந்ததும் அடுத்த வேலை எங்கே என்று இப்போதே விடை தெரிந்தால் புது வண்டி வாங்குங்கள். தெரியாவிட்டால் பழைய வண்டி, அல்லது ஏற்கெனவே கிரஷருக்கு ஓடும் வண்டியை இங்கே திருப்புவது.

வண்டிக்காரர்கள் அடிபடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

முதலாவது பில். நீங்கள் ஓட்டுவது பெரிய நிறுவனத்துக்கு அல்ல, அதன் சப் கான்ட்ராக்டரின் சப் கான்ட்ராக்டருக்கு. மேலே பில் பாஸானால்தான் கீழே பணம் வரும் என்பார்கள். இரண்டு மாதப் பாக்கி நின்றால் டீசல், டிரைவர் சம்பளம், டியூ மூன்றையும் உங்கள் கையிலிருந்துதான் தள்ள வேண்டும். ஆகவே நடைக்கா, கன மீட்டருக்கா, எத்தனை கிலோமீட்டர் தூரத்துக்கு என்ன ரேட், டீசல் யார் கணக்கு, வண்டி காத்து நின்றால் என்ன என்பதை ஒரு பக்கத் தாளிலாவது வேலை ஆணையாக வாங்குங்கள். டீசலைக் கம்பெனியே ஊற்றிவிட்டுப் பில்லில் கழிக்கும் ஏற்பாடு என்றால், ஊற்றிய லிட்டரை அன்றன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் வரும் டீசல் கணக்கு எப்போதும் உங்கள் நினைவைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டாவது நடைச்சீட்டு. கனிமவளத் துறை அனுமதி பெற்ற குவாரி அல்லது ஏரியிலிருந்து, அந்த நாளுக்கான, அந்த வண்டி எண்ணுக்கான சீட்டு இல்லாமல் மண் ஏற்றினால் பிடிபடுவது வண்டிதான், கம்பெனி அல்ல. ‘சீட்டு பின்னாடி வருது, நீ போ’ என்ற பேச்சை நம்பி வண்டியைக் காவல் நிலைய வாசலில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

மூன்றாவது, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு இல்லாமல் இருப்பது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. அதற்கான மத்திய அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால் அது, இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் மாநில வசதியாக்கக் குழுவுக்குப் போகும். பதிவு இலவசம். வண்டி சாலைக்கு வருமுன் செய்துவிட வேண்டும், பாக்கி நின்றபின் செய்தால் பயன் நிச்சயமில்லை.

அமைச்சர்கள் ‘இந்தத் திட்டத்தால் இத்தனை லட்சம் மனித நாள் வேலை’ என்கிறார்கள். இது எப்படிப்பட்ட கணக்கு?
– வாசகர், நாகர்கோவில்

ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு மனித நாள். ஒரு திட்டத்தில் 300 பேர், மாதம் 26 நாள், 24 மாதம் வேலை செய்தால் 1,87,200 மனித நாள். மேடையில் ‘ஏறத்தாழ இரண்டு லட்சம்’ என்றால் இரண்டு லட்சம் பேருக்கு வேலை கிடைத்ததுபோல் காதில் விழுகிறது. கிடைத்தது முந்நூறு பேருக்கு, இரண்டு வருடம். எண் பொய்யில்லை, அலகுதான் ஏமாற்றுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். நேரடி வேலையோடு சிமென்ட் ஆலை, இரும்பு ஆலை வேலையையும், அந்தத் தொழிலாளர்கள் செலவழிப்பதால் வரும் கடை வேலையையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் சிமென்ட் அரியலூரிலிருந்து வரலாம், இரும்பு வேறு மாநிலத்திலிருந்து வரலாம், தார் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது. அந்த வேலைகள் உங்கள் வட்டாரத்து வேலைகள் ஆகா. ஒப்பிட வேண்டுமானால் 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தைப் பாருங்கள்: செலவில் 60 சதவீதமாவது கூலியாகப் போக வேண்டும், ஒப்பந்தக்காரர் கூடாது என்று அதில் எழுதியே வைத்தார்கள். நெடுஞ்சாலை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இருந்தால் 150 டிகிரி தாரை மண்வெட்டியால் வாரிப் போட வேண்டிவரும், அதுவும் வேண்டாம்.

புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் பஸ்கள் குறைந்துவிட்டன. பழைய ரோட்டில் டிபன் கடை வைத்திருந்தோம். வியாபாரம் பாதிகூட இல்லை. இழப்பீடு கேட்க முடியுமா? கடையைப் பைபாஸுக்கு மாற்றலாமா?
– வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

இழப்பீட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். கடை இருந்த இடம் கையகப்படுத்தப்பட்டிருந்தால் உண்டு. வாடிக்கையாளர் வேறு வழியில் போய்விட்டதற்குச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. கேட்டு அலைய வேண்டாம்.

பைபாஸ் வந்தால் எல்லாக் கடையும் சாவதில்லை. சுற்றுக் கிராமத்துக்காரர்கள் சாமான் வாங்கவும், விதை, உரம், துணிமணி வாங்கவும், ஆஸ்பத்திரிக்கும் வரும் ஊராக இருந்தால், லாரிகள் ஒழிந்ததே வரம். கொஞ்ச காலத்தில் கடைவீதி முன்னைவிட நன்றாகக்கூட ஆகும். வழிப்போக்கரை மட்டுமே நம்பிய கடைகள் – பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் விற்கும் டீ, வெள்ளரிப் பிஞ்சு, பூ, டிபன் – இவைதான் உடனே படுக்கும். உங்கள் கடையில் ஒரு வாரம் கணக்கெடுங்கள்: வருபவர்களில் எத்தனை பேர் ஊர்க்காரர், எத்தனை பேர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர். ஊர்க்காரர் பாதிக்கு மேல் என்றால் இடத்தை மாற்றாமல் மதியச் சாப்பாடு, ஆர்டர் சாப்பாடு என்று பண்டத்தை மாற்றுங்கள்.

மாற்றுவதென்றால் பைபாஸின் நடுவில் எங்காவது கொட்டகை போட வேண்டாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் உங்கள் போர்டைப் படிப்பதற்குள் தாண்டிவிடும். நீண்டதூரப் பஸ்களோ தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பயணவழி உணவகத்தில்தான் நிற்கும். கடைக்கு ஏற்ற இடம் பைபாஸும் ஊர்ச் சாலையும் சந்திக்கும் முனை: வண்டி வேகம் குறைக்கும் இடம், ‘பைபாஸில் இறக்கிவிடுங்க’ என்று ஆட்கள் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் இடம். அங்கும் அணுகுசாலையின் (சர்வீஸ் ரோடு) உள்பக்கம் பட்டா நிலத்தில் இடம் பிடியுங்கள். நெடுஞ்சாலை எல்லைக்கல்லைத் தாண்டிச் சாலைப் பக்கம் வைத்தால் எந்த நாளும் காலி செய்யச் சொல்லலாம், அப்போது வாதாட ஒன்றும் இருக்காது.

நடுத்தடுப்பில் இடைவெளி இருக்கிறது, எதிர்ப்பக்க வண்டியும் வரும் என்று நம்பிக் கடை போடுவது இன்னொரு தவறு. விபத்து நடந்தால் முதலில் மூடுவது அந்த இடைவெளியைத்தான்.

குத்தகைக்கு உழும் மூன்று ஏக்கர் சாலைக்குப் போகிறது. பணம் நில உரிமையாளருக்கு மட்டும்தானாமே. என்னைப் போன்றவர்களுக்கும், அந்த நிலத்தில் களை எடுத்துப் பிழைத்தவர்களுக்கும் ஒன்றும் இல்லையா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

இருக்கிறது, கேட்டுப் பெற வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ம் ஆண்டுச் சட்டப்படி. ஆனால் இழப்பீட்டுக்கு 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் அட்டவணைகள் 2015 முதல் பொருந்தும். நிலத்துக்கு: சந்தை மதிப்பு, கிராமப்புறம் என்றால் அதன்மேல் 1 முதல் 2 வரையிலான பெருக்கல் காரணி, மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பு, அத்தனையும் சேர்த்து நூறு சதவீத ஆறுதல் தொகை. இது பட்டாதாரருக்கு.

அதே 2013 சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதில் சொந்த நிலம் இல்லாத குத்தகைதாரர், வாரக்காரர், விவசாயக் கூலி, கைவினைஞர் ஆகியோரையும் சேர்க்கிறது. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று வருடம் அந்த நிலமே முதன்மைப் பிழைப்பாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் அட்டவணைப்படி திட்டத்தில் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருடம். கைவினைஞர், சிறு வணிகர் போன்றோருக்குக் குறைந்தது 25 ஆயிரம்.

தடுக்கும் சுவர் ஆதாரம். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சாகுபடியாளராக உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ரசீது, பயிர்க் காப்பீடு, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, உரக்கடைப் பில் என்று மூன்று வருடத்துக்குச் சேருங்கள். நில எடுப்பு அலுவலரிடம், தீர்வம் (இழப்பீட்டு உத்தரவு) எழுதுவதற்கு முன்பே மனுக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். தொகை குறைவு என்றால் நடுவரிடம் போகலாம். நம்மிடம் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர். களை எடுக்கும் பெண்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மனுக் கொடுக்காதீர்கள். ஒரே நிலத்தை நம்பிய பத்துக் குடும்பம் ஒன்றாகப் போனால் ஒருவருக்கொருவர் சாட்சி.

நான்குவழிச் சாலை போட்டால் தொழிற்சாலை தானாக வரும் என்கிறார் என் பேராசிரியர். ஸ்ரீபெரும்புதூரைக் காட்டுகிறார். எங்கள் பக்கம் சாலை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒன்றும் வரவில்லையே?
– பொருளாதார மாணவர், விருதுநகர் மாவட்டம்

பேராசிரியர் பாதி சரி. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை நாடு முழுவதும் சுமார் 5,850 கிலோமீட்டர். தமிழகத்தில் அதன் பங்கு சுமார் 340 கிலோமீட்டர், ஆந்திர எல்லையிலிருந்து சென்னை, அங்கிருந்து ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று. அதை ஆராய்ந்த கனி, கோஸ்வாமி, கெர் ஆகியோர், சாலைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் மற்ற இடங்களைவிட வேகமாக வளர்ந்ததைக் காட்டினார்கள். அதே சமயத்தில் திட்டமிட்டு, கட்டத் தாமதமான வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குத் தடங்களில் அந்த வளர்ச்சி இல்லை. ஆகவே வளர்ச்சிக்குச் சாலை காரணமே அல்ல என்று சொல்ல முடியாது. எப்படிக் காரணம் என்பதைச் சௌகதோ தத்தாவின் ஆய்வு (2012) காட்டுகிறது: நாற்கரச் சாலையில் இருந்த ஊர்களின் தொழிற்சாலைகள் கையில் வைத்திருந்த மூலப்பொருள் இருப்பில், 6 முதல் 12 நாள் உற்பத்திக்கான அளவு குறைந்தது. லாரி சொன்ன நாளில் வரும் என்றால் கிடங்கில் பணத்தை முடக்க வேண்டியதில்லை. சாலை தொழிற்சாலைக்குக் கொடுப்பது அந்த நிச்சயத்தைத்தான்.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர் சாலையால் மட்டும் வந்ததல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியது 1996-ல்; நாற்கரத் திட்டம் அதற்குப் பிறகுதான். பக்கத்தில் துறைமுகம், சென்னையின் உதிரிபாகத் தொழில், சிப்காட் கொடுத்த நிலம், மின்சாரம் – இவை முன்பே இருந்தன. ஓசூர் இன்னும் பழையது: 1970-களில் சிப்காட் அங்கே பேட்டை போட்டது, பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில் இருந்தது. நான்குவழி வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. மறுபக்கம், ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வாசலில் நெடுஞ்சாலை அப்படியேதான் இருந்தது. போனது வரி வழக்காலும் கைபேசிச் சந்தை மாறியதாலும்.

உங்கள் மதுரை–தூத்துக்குடிச் சாலைக்கு வருவோம். கரிசல் காட்டில் நிலம் உண்டு. தண்ணீர் எங்கே? துறைமுகம் வரை சாலை போட்டாலும், அங்கிருந்து கொள்கலன் கப்பல் எத்தனை நாளுக்கு ஒன்று, எந்தத் துறைமுகம் வழியாகச் சுற்றிப் போகிறது என்பதைத்தான் ஏற்றுமதியாளர் முதலில் கேட்பார். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை தூத்துக்குடி சிப்காட்டில் திறக்கப்பட்டபோது அந்த நான்குவழிச் சாலைக்குப் பத்து வயதுக்கு மேல். அதாவது சாலை கதவைத் திறந்துவைக்கும்; யாரையும் கையைப் பிடித்து உள்ளே இழுக்காது. நிலம், தண்ணீர், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் நான்கும் கூடும் இடத்தில்தான் அது வேலை செய்யும்.

பேராசிரியரிடம் கேட்க வேண்டிய ஒன்று பாக்கி: வளர்ந்தது புதிதாக வந்ததா, பக்கத்திலிருந்து நகர்ந்ததா? அமெரிக்கக் கிராமப்புறங்களில் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளைப் பற்றிச் சந்திராவும் தாம்ப்சனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சாலை கடந்துபோன மாவட்டங்களில் வருமானம் கூடியது, ஒட்டிய மாவட்டங்களில் குறைந்தது. சீனாவின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபேபர் (2014), பெருநகரங்களோடு இணைந்த சிறு மாவட்டங்களின் தொழில் வளர்ச்சி குறைந்ததைக் கண்டார். சாலை இருவழி, பெரிய ஊர்ச் சரக்கும் அதே சாலையில் சிறிய ஊருக்கு வரும். உங்கள் ஊர்ச் சோடா கம்பெனி எதனால் மூடப்பட்டது என்று விசாரித்தால் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்கும்.

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை எங்கள் வயல் வழியாகப் போகிறது. பக்கத்தில் பெட்ரோல் பங்க், ஓட்டல் வைத்தால் பிழைக்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை மாவட்டம்

ஹோஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலை நுழைவு கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டு பக்கமும் வேலி. குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். உங்கள் வயலிலிருந்து பார்த்தால் கார் தெரியும், அதற்கு உங்கள் ஓட்டல் தெரிந்தும் பயனில்லை. சாலையோர வசதி மையங்களைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையமே இடம் குறித்து ஏலம் விடும். சாதாரண நான்குவழிச் சாலையை நம்பிப் போடும் கணக்கை இதில் போடாதீர்கள். சந்திப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் கிடங்கு, லாரி நிறுத்துமிடம் என்று யோசிக்கலாம்.

சுங்கச்சாவடி வேலை நிரந்தரமா?
– வாசகர், கரூர்

இல்லை. வசூல் உரிமை பல சாவடிகளில் ஏஜென்சிக்கு ஒரு வருடம், சில நேரம் மூன்றே மாதம். ஏஜென்சி மாறினால் பணியாளர் பட்டியலும் மாறும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு சில்லறை எண்ணும் ஆட்களுக்குத் தேவையும் குறைந்துவிட்டது. சேர்ந்தால் முதல் மாதமே பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி, பணம் ஏறுகிறதா என்று கைபேசியில் பாருங்கள்.

சாலைச் செலவில் உள்ளூர் ஆளுக்கு நீண்டநாள் வேலை தருவது எதுதான்?
– வாசகர், தஞ்சாவூர்

பராமரிப்பு. சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தைத் தூர்வாருவது, ஓரப் புல் வெட்டுவது, பள்ளம் அடைப்பது, வாய்க்கால் திருத்துவது – இவற்றுக்கு பேவர் தேவையில்லை, வீட்டிலிருந்து வந்துபோகும் ஆள் வேண்டும், அதுவும் வருடா வருடம். தமிழக நெடுஞ்சாலைத் துறை 1997-ல் இதற்காகச் சுமார் 10 ஆயிரம் சாலைப் பணியாளர்களை எடுத்தது. 2002-ல் அனைவரும் நீக்கப்பட்டு, 2006-ல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்ப்பது பற்றிய போராட்டம் வெகுகாலம் நடந்தது. புதுச்சாலைக்கு அடிக்கல் நாட்டலாம், ரிப்பன் வெட்டலாம். தூர்வாரிய சிறுபாலத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. பராமரிப்பு நிதி மெலிந்திருப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நேர்மையான விளக்கம் இதுதான்.

என் மகளுக்கு இருபத்தைந்து கிலோமீட்டரில் காலணித் தொழிற்சாலையில் வேலை. நடுவில் நான்குவழிச் சாலை. சாலை நன்றாக இருந்தும் அவள் போய்வருவது முன்னைவிடச் சிரமமாகிவிட்டது. எங்கே முறையிடுவது?
– வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

உங்கள் அனுபவம் விதிவிலக்கல்ல. சாலை வந்தால் பெண்கள் வேலைக்குப் போவது கூடுமா என்பது பஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. செய்யாறு சிப்காட் காலணி ஆலைகளில் பல்லாயிரம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அந்தப் பேட்டை நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் இல்லை; கிராமம் கிராமமாகப் போய் ஏற்றிவரும் கம்பெனிப் பஸ்கள்தான் அதை நடத்துகின்றன. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது சாதாரண நகரப் பேருந்தில்தான். அந்தப் பஸ் அணுகுசாலை வழியாக வர வேண்டும். அணுகுசாலை பாதியில் முடிந்தால் பஸ் மேலே ஏறிவிடும், உங்கள் ஊர் நிறுத்தம் போய்விடும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் பற்றி ஆஷரும் நோவோசாட்டும் 2020-ல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதுதான்: கிராமத்துக்குச் சாலை வந்ததால் வயல் வருமானமோ வீட்டுச் சொத்தோ பெரிதாகக் கூடவில்லை, ஆட்கள் வயல் வேலையிலிருந்து வேறு வேலைக்கு நகர்ந்தார்கள். அப்படி நகர முடிவது தினமும் போய்வர வழியிருந்தால்தான்.

செய்ய வேண்டியது: எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள், காலை 6 முதல் 8 வரை எத்தனை பேர், ராத்திரி ஷிப்ட் முடிந்து எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளோடு, ஊராட்சித் தீர்மானமும் இணைத்து, உங்கள் பகுதிக்கான தேசிய நெடுஞ்சாலை ஆணையத் திட்ட இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு. கேட்க வேண்டியவை வரிசைப்படி: பஸ் நிற்கும் ஒதுக்கிடம், விட்டுப்போன அணுகுசாலை இணைப்பு, கடக்கும் இடத்தில் உயர்கோபுர விளக்கு, பிறகு சுரங்கப்பாதை. முதல் மூன்றும் பராமரிப்புச் செலவிலேயே முடியக்கூடியவை. சுரங்கப்பாதைக்குப் புது மதிப்பீடும் மேலிட ஒப்புதலும் வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். அதுவரை, ஆலை நிர்வாகத்திடம் கம்பெனிப் பஸ்ஸைச் சாலையின் உங்கள் ஊர்ப் பக்கமே திருப்பி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பஸ்ஸுக்கு அடுத்த சந்திப்புவரை போய்த் திரும்பும் தூரம் கூடும். கையெழுத்து நாற்பது, ஐம்பது இருந்தால் ஒப்புக்கொள்வார்கள்.